அந்த ஓட்டையை வெட்டியவன் நான்

புதிதாகக் கமரா தூக்கியிருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

உங்கள் பயிற்சி வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. வெளிறிய சேலை கட்டிய ஒரு தாய், கல்யாண வீட்டில் எடுத்த குடும்பப் படம் ஒன்றை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்திருக்கிறார். அந்தக் குடும்பப் படத்தில் ஓர் ஆள் நின்றிருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை. ஓட்டைக்குள்ளால் தாயின் சேலை தெரிகிறது. வெட்டுப்பட்ட ஆளின் ஒரு கை மட்டும், ஓட்டைக்கு வெளியே, பக்கத்தில் நிற்கும் பெண்ணின் தோளில் கிடக்கிறது. கீழே என் பெயர் போட்டிருக்கிறார்கள்.

போன மாதம் உங்களுடன் பேச வந்தபோது ஒரு தங்கை எழும்பிக் கேட்டாள். "ஐயா, அந்தப் படத்தை ஆர் வெட்டினது?" நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? "தேத்தண்ணி ஆறப்போகுது பிள்ளை, எல்லாரும் குடிச்சிட்டு வாங்கோ" என்றேன். எழுபது வயதாகியும் நழுவுகிற கெட்டித்தனம் என்னை விட்டுப் போகவில்லை. நீங்கள் சிரித்துக்கொண்டு எழும்பிப் போனீர்கள்.

ஆகவே எழுதுகிறேன். அந்த ஓட்டையை வெட்டியவன் நான். முகம் வழிக்கிற பிளேட்டால், பத்திரிகை அலுவலக மேசையில், நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்து வெட்டினேன்.

கல்யாண வீடுகளில் படமெடுத்துச் சீவித்துக்கொண்டிருந்தவன் நான். 1983இல் தெற்கிலிருந்து அடிபட்ட சனம் கப்பலில் வந்து இறங்கியபோது, அதைப் படமெடுக்கப் பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. என்னிடம் கமராவும் சைக்கிளும் இருந்தன. அன்று போனவன் 1995 வரை அந்தப் பத்திரிகையிலேயே நின்றுவிட்டேன். எரிந்த வீடுகள், கூரையில்லாத பள்ளிக்கூடங்கள், துணி போர்த்தி வரிசையாகக் கிடத்திய உடல்கள் என்று எத்தனையோ எடுத்திருக்கிறேன். அவற்றைப் பற்றி எழுதச் சொன்னால் கொஞ்சம் வீரமாகவே எழுதலாம். கூட்டங்களில் என்னிடம் எதிர்பார்ப்பதும் அதைத்தான். இது அந்த வகைக் கதை அல்ல.

தொண்ணூறுக்குப் பிறகு, அரசாங்கம் தடை போட்டதால், குடாநாட்டுக்குள் எதுவும் வராது. சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. பத்திரிகையைக் கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சடித்தோம். பிலிம் வருவதென்றால் கிளாலிக் கடலைத் தாண்டி வரும் யாராவது பால்மாப் பேணிக்குள்ளோ உடுப்புக்குள்ளோ ஒளித்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. ஒரு றோலை இரண்டு மாதம் வைத்து எடுத்திருக்கிறேன். இப்போது நீங்கள் தேத்தண்ணிக் கோப்பையை முப்பது படம் எடுக்கிறீர்கள். நாங்கள் ஒரு படத்துக்கு விரலை அழுத்த முன் மூன்று தரம் யோசிப்போம். அப்படி யோசிப்பதுதான் தொழிலின் உச்சம் என்று நான் நம்பியிருந்தேன். எதை எடுக்காமல் விடுவது என்று தெரிந்தவன்தான் கெட்டிக்காரன் என்று எனக்குள் ஒரு திமிர் இருந்தது.

ஞானம்மா குருநகரைச் சேர்ந்தவர். கடல் தொழில் செய்த குடும்பம். கரையில் ஷெல் விழத் தொடங்கியதும் உள்ளுக்கு நகர்ந்த சனத்தோடு கோப்பாய்க்கு வந்தார். என் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி, ஒரு தோட்டக்காரரின் வெங்காயக் கொட்டிலில் குடியிருந்தார். மீன் வெட்டிய கை, அங்கே கூலிக்கு வெங்காயம் பிடி கட்டியது. புருஷன் நெஞ்சுவலியில் போய்விட்டார். மகளும் மருமகனும் படகேறி இந்தியாவில் அகதி முகாமில் இருந்தார்கள். மிச்சமாக இருந்தவன் மகன் அன்ரன், இருபத்திரண்டு வயது.

கொழும்புக்குப் போகவென்று கிளாலியில் படகேறிய அன்ரன் போய்ச் சேரவில்லை. படகைக் கடற்படை நடுக்கடலில் மறித்தது. நீந்திக் கரையேறிய இருவர், ஏழு பேரை உயிரோடு ஏற்றிக்கொண்டு போனதைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்த ஏழு பேரில் அன்ரனும் ஒருவன். அவன் எங்கோ ஒரு சிறையில் இருக்கிறான் என்பதில் ஞானம்மாவுக்குத் துளிச் சந்தேகமும் இல்லை. அப்போது கைதிகளைப் பார்க்க அனுமதி வாங்கிய வெளிநாட்டு உதவிக்காரப் பெண் ஒருவர் கப்பலில் வந்து போவார். பெயர்ப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது, பயத்தில் பலர் வேறு பெயர் சொல்லியிருப்பார்கள், முகம் தெரிகிற படம் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஆசிரியர் அந்த ஏழு பேரின் முகங்களையும் ஒரே வரிசையாகப் போடத் தீர்மானித்தார். ஆறு வீட்டார் அடையாள அட்டைப் படம் கொண்டுவந்தார்கள். ஞானம்மா, நாலாக மடித்த சேலைத் துண்டுக்குள்ளிருந்து மகளின் கல்யாணப் படத்தை எடுத்தார். பொம்பிளை, மாப்பிள்ளை, தகப்பன், தாய். தாய்க்கும் தகப்பனுக்கும் நடுவில் புதுச் சேட்டுப் போட்ட அன்ரன், ஒரு கையைத் தாயின் தோளில் போட்டபடி. அதை எடுத்த ஸ்ரூடியோ எரிந்துபோயிருந்தது.

"தம்பி, என்னட்டை இது ஒண்டுதான் கிடக்கு. பவுத்திரமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். "வெள்ளிக்கிழமை அந்த வெள்ளைக்கார மிஸ்ஸிட்டைக் குடுக்கவேணும்."

"வியாழக்கிழமை வாங்கோ அம்மா. கையிலை தருவன்."

அச்சுக்கு வேண்டிய தகட்டைச் செய்பவர் இரத்தினம் அண்ணை. ஏழு முகமும் ஒரே அளவில், பின்னுக்கு வெள்ளையாக, ஒரே மட்டையில் ஒட்டி வந்தால்தான் அவருக்கு வேலை. குழுப்படம் வந்தால் வழக்கம் என்னவென்றால், அதை நான் கமராவில் கொப்பி எடுத்து, கழுவி, அந்தக் கொப்பியில் முகத்தை வெட்டி, சுற்றிவர வெள்ளை மை பூசிக் கொடுப்பேன். ஒரு பிலிம் துண்டும் ஒரு தாளும் செலவாகும்.

"என்னடாப்பா, கல்யாண வீட்டையே கொண்டந்திருக்கிறாய். கொப்பி அடிச்சுத் தா, வெட்டுவம்" என்றார் இரத்தினம் அண்ணை.

"பிலிம் இல்லை அண்ணை."

"இன்னும் நாலு படம் எடுக்கக் கிடக்கெண்டு காலமை சொன்னனி?"

"அது வேறை தேவைக்கு."

வேறை தேவை என்ன? அந்தக் கிழமை விமானம் வரும் என்று ஊரில் கதை அடிபட்டது. வந்தால், குண்டு விழுந்தால், அந்த இடத்துக்கு முதலில் நான் போனால், அப்போது கமராவில் நாலு படம் இருக்க வேண்டும். இன்னும் சாகாத சனத்துக்காக நாலு படத்தைச் சேமித்து வைத்திருந்தேன். உயிரோடு இருக்கலாம் என்ற ஒருவனுக்கு அதில் ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை. இதை இப்படி எழுத எனக்கு முப்பது வருடம் பிடித்திருக்கிறது. அன்று அது பெரிய நிதானமாகத்தான் தெரிந்தது.

"உது ஒறிஜினல், தம்பி" என்றார் அவர்.

"பிறகு திரும்ப ஒட்டிக் குடுக்கலாம் அண்ணை. ஆருக்கும் தெரியாது."

அவர் பிளேட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அப்ப நீயே வெட்டு. நான் தொடமாட்டன்."

வெட்டினேன். முகமும் நெஞ்சும் போதும் என்பதால் கையை விட்டுவிட்டேன். கல்யாணப் படம் எடுத்தே சீவித்தவன், ஒரு வீட்டில் அப்படி ஒரு படம் என்றால் என்ன பெறுமதி என்று நன்றாகத் தெரிந்தவன், ஒரு நிமிடத்தில் வெட்டி முடித்தேன். முகத்தைச் சுற்றி வெள்ளை மை பூசி மற்ற ஆறு பேரோடும் ஒட்டிக் கொடுத்தேன். புதன்கிழமை பத்திரிகையில் வந்தது. கொப்பித் தாளின் நீலக் கோடுகள் ஏழு முகங்களுக்கும் குறுக்கே ஓடின. தகட்டுக்குத் தட்டுப்பாடு என்பதால் அச்சு முடிந்ததும் அதையும் தேய்த்து அடுத்த படத்துக்குக் கொடுத்துவிட்டோம்.

வியாழக்கிழமை காலை, ஞானம்மா வர முன் முகத்தை மட்டையிலிருந்து கழற்றித் திரும்பப் பொருத்த வேண்டும். பசை நன்றாகக் காய்ந்திருந்தது. குளிர்ந்த தண்ணீரில் மத்தியானம் வரை ஊறவிட்டால் தானாகக் கழன்றிருக்கும். இருட்டறையில் பத்து வருடம் நின்றவனுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் நேரம் பத்தாகிவிட்டது. வாசல் படலையடியில் அவருடைய குரல் கேட்கிற மாதிரி இருந்தது. தேத்தண்ணிக்குக் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை எடுத்து ஊற்றிவிட்டேன். அன்ரனின் முகம் பாலாடை மாதிரிச் சுருங்கி, தாளை விட்டு வழுகி, என் பெருவிரலில் ஒட்டிக்கொண்டது. விரலைத் துடைத்தேன். துணியில் கொஞ்சம் கறுப்பு மட்டும் இருந்தது.

ஞானம்மா வந்தார். நான் படத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். திரும்பவும் முன்பக்கம் பார்த்தார்.

"எங்கை தம்பி இவன்?"

"பழுதாப் போச்சுது அம்மா" என்றேன். ஏதோ தன்பாட்டில் பழுதாகிவிட்ட சாமானைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். கண் சரியாகத் தெரியாதவர் போல, படத்தை யன்னல் வெளிச்சத்தில் உயர்த்திப் பிடித்தார். ஓட்டைக்குள்ளால் வந்த வெளிச்சம் அவருடைய கழுத்தில் விழுந்தது. தம்பிமார், இதை நன்றாகக் கேளுங்கள். என் நெஞ்சு பயத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அதே நேரம் என் கண் அந்த வெளிச்சத்தை அளந்துகொண்டிருந்தது. கை தானாகப் போய்க் கமராவை எடுத்தது. தொழில் நன்றாகப் பழகிவிட்டால் இப்படி ஒன்று நடக்கும். அதைப் பெருமையாகச் சொல்லுகிறவர்களை நம்பாதீர்கள்.

கமராவைக் கண்டதும் ஞானம்மாவின் முகம் தெளிந்தது. "கொப்பி எடுக்கப் போறியளோ? அப்ப சரியாக்கலாம் என்ன?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. அவர் முந்தானையைச் சரிசெய்தார். படத்தைத் தன் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து இரண்டு கையாலும் பிடித்தார்.

"நேராப் பிடிச்சிருக்கிறனோ தம்பி? படம் ஆடுது, பொறுங்கோ."

"கொஞ்சம் உயத்துங்கோ அம்மா."

உயர்த்தினார். அந்தப் பார்வையைத்தான் நீங்கள் சுவரில் பார்க்கிறீர்கள். துயரத்தின் கண்ணியம் என்றும், குற்றம் சாட்டும் மௌனம் என்றும் அதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கொப்பி ஆடாமல் விழவேண்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு மனிசியின் முகம் அது. அவருடைய மகனுக்கு ஒன்றைக் கொடுக்க மாட்டேன் என்று வைத்திருந்த நாலில் மூன்றை அங்கேயே எடுத்து முடித்தேன்.

"சரியாக்கித் தாறன் அம்மா" என்றேன். அவர் படத்தை என்னிடமே தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு அந்த வெளிநாட்டுப் பெண்ணிடம் போனேன். கையில் பத்திரிகைத் துண்டு மட்டும்தான் இருந்தது. அந்தப் பெண் அதை அருகே வைத்தும் தள்ளி வைத்தும் பார்த்தார். மொழிபெயர்க்க வந்தவர் சொன்னார்: "ஏழு பேரும் ஒரே ஆள் மாதிரிக் கிடக்கினமாம் அம்மா. முகம் தெளிவாத் தெரியிற படம் வேணுமாம்."

"தம்பி நல்ல படம் கழுவித் தருவார். அடுத்த கப்பலுக்குத் தாறன் எண்டு சொல்லுங்கோ" என்றார் ஞானம்மா. என்னைக் காட்டித்தான் சொன்னார்.

அந்த மூன்று படங்களையும் கழுவியபோதே தெரிந்துவிட்டது, என் வாழ்நாளில் எடுத்ததில் நல்லது அதில் ஒன்றுதான் என்று. ஆசிரியர் அதை நெடுநேரம் பார்த்தார். "இதுக்குக் கீழை ஒண்டும் எழுதத் தேவையில்லை" என்றார். பிறகு கேட்டார்: "ஆர் வெட்டினது?"

"அப்பிடித்தான் கிடந்தது ஐயா."

இரத்தினம் அண்ணை பக்கத்து மேசையடியில் நின்றார். ஆசிரியர் போனபிறகு என்னிடம் வந்து, "உன்ரை பிளேட்டைக் கழுவி வை. நாளைக்கு அதையும் கண்காட்சியிலை வைப்பினம்" என்றார். அதன் பிறகு அவர் என்னோடு வேலைக் கதையைத் தவிர வேறு கதை கதைக்கவில்லை.

அந்த வழியால் வந்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர் படத்தின் ஒரு பிரதியைக் கொண்டுபோனார். அது எங்கெங்கோ வந்தது. காணாமற்போனவர்களுக்கான கண்காட்சி ஒன்றின் முகப்பில் வைத்தார்கள். தோளில் கிடந்த கையைப் பற்றி மட்டும் ஒருவர் அரைப்பக்கம் எழுதினார். போர் ஒரு பிள்ளையை வெட்டி எடுத்துவிட்டது என்றார்கள். எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. வாங்கி வைத்துக்கொண்டேன். போரின் கணக்கில் எத்தனையோ கிடக்கிறது, இதையும் அதன் தலையில் போட்டால் யாருக்கு நட்டம் என்று மனதைத் தேற்றினேன். அதில் ஒரு பொய் கலந்தால், மற்ற உண்மையான படங்களையும் பொய் என்று சொல்ல ஒருவனுக்கு வழி பிறக்கும் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. உங்களில் யாராவது அதை யோசிப்பீர்கள் என்றால் இந்தக் கடிதத்தில் பாதிப் பிரயோசனம் இருக்கிறது.

பத்திரிகையில் வந்த முகத்தை வெட்டி ஓட்டைக்குள் வைத்துப் பார்த்தேன். நீலக்கோடு போட்ட சாம்பல் முகம் ஒன்று. கொடுக்க வெட்கமாக இருந்தது. கப்பல் வந்து போனது. இன்னொரு தரமும் வந்து போனது. நான் கோப்பாய்க்குள் அவருடைய ஒழுங்கையைத் தவிர்த்து இருபாலைப் பக்கத்தால் சுற்றி வீட்டுக்குப் போனேன். ரயர் வாங்க முடியாத காலத்தில் நாளுக்கு இரண்டு மைல் அதிகம் மிதித்தேன். உண்மையைச் சொல்வதை விட அது சுகமாக இருந்தது.

தொண்ணூற்றைந்தின் ஐப்பசியில் எங்கள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்து பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. அந்தச் சனத்துக்குள் நானும் போனேன். ஞானம்மாவை அதற்குப் பிறகு நான் காணவில்லை. தேடினேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. தேடவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர் மருதனார்மடம் சந்தையில் அவரைக் கடைசியாகக் கண்டேன். அதைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். நான் உங்கள் முன் நழுவியதற்குக் காரணம் பிளேட் அல்ல, இதுதான்.

அவர் வெங்காயப் பிடிகளோடு சந்தை வாசலில் இருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை உருட்ட, "தம்பி!" என்று கூப்பிட்டுவிட்டார். ஓட முடியவில்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம் இருந்தது.

"பங்குச் சுவாமியார் சொன்னவர், எங்கடை படம் வெளிநாட்டுப் புத்தகங்களிலை எல்லாம் வந்திருக்காம். எத்தினையோ நாட்டுச் சனம் பாக்கினமாம். நீங்கள் அலைஞ்சிருப்பியள், அதாலைதான் வரேல்லை எண்டு எனக்குத் தெரியும்."

அவர் அந்தப் புத்தகங்களைப் பார்க்கவில்லை. நான் சரியாக்கித் தருவதாகச் சொன்னேன், கமராவைப் பிடித்தேன், படம் வெளிநாடு போயிருக்கிறது. ஆகவே அதில் அன்ரனின் முகம் இருக்கிறது என்று அவர் நினைத்திருந்தார். வேறு எப்படி நினைப்பார்?

"ஓம் அம்மா" என்றேன்.

"மகள் முகாமிலையிருந்து காயிதம் போட்டவள். தன்னட்டையும் அந்தக் கல்யாணப் படம் ஒண்டு கிடக்காம், அனுப்பட்டோ எண்டு கேட்டவள். இப்பத்தைய தபாலிலை துலைஞ்சுபோகும், நீ வைச்சிரு, இஞ்சை தம்பி எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருக்கிறார் எண்டு எழுதிப்போட்டன். சரிதானே?"

"அனுப்பச் சொல்லுங்கோ அம்மா" என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நாலு சொல் கூட இல்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். ஏன் என்று சொல்லியிருந்தால் பிளேட்டையும் சொல்லவேண்டும், சுடுதண்ணீரையும் சொல்லவேண்டும், சான்றிதழையும் சொல்லவேண்டும். சந்தைச் சனம் எங்களைச் சுற்றிப் போய்வந்துகொண்டிருந்தது. என்னைத் தெரிந்த இரண்டு பேர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

"சரி அம்மா" என்றேன்.

அவர் நல்ல பிடியாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, வேண்டாம் என்றும் கேளாமல், என் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டினார்.

"அவ்வளவு சனம் பாக்குது. அதிலை ஒருத்தராவது அவனைக் கண்டிருப்பினம்" என்றார். "ஆராவது வந்து சொன்னால், உடனை எனக்கு அறிவியுங்கோ தம்பி."